வீடு மாறும் எதிர்பார்ப்பும் வீட்டுச் சாதனங்கள் வாங்குதலும்

சொந்த வீட்டில் குடியிருப்போர் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏ.சி., வாட்டர் ஹீட்டர் போன்ற சாதனங்களை வாங்கும்போது, விலையையும் தரத்தையும் மட்டும் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கப் போகிறோம் என்ற கணிப்பும் அவர்களுடைய தேர்வில் பங்கு பெறுகிறது. விரைவில் வீட்டை விற்றுவிட்டு அல்லது பூட்டிவிட்டு வேறிடம் செல்ல நினைப்பவர்கள், சாதனம் வாங்குவதைத் தள்ளிப்போடலாம்; பழையதைப் பழுதுபார்த்து ஓட்டலாம்; விலை குறைந்த, மின்சாரம் அதிகம் இழுக்கும் வகையை வாங்கலாம்; அல்லது எளிதில் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதைத் தேர்ந்தெடுக்கலாம். பொருளியலில் இது, ஆற்றல் சேமிக்கும் சாதனங்கள் இலாபகரமாக இருந்தும் மக்கள் அவற்றைக் குறைவாகவே வாங்குவது ஏன் என்ற கேள்வியின் ஒரு பகுதியாக ஆராயப்படுகிறது.

இத்தேர்வின் விளைவு வாங்கியவரோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டிலேயே விட்டுச் செல்லப்படும் ஒரு சாதனத்தின் மின்கட்டணத்தை, அதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தப் பங்கும் இல்லாத அடுத்த குடும்பம் பல ஆண்டுகள் கட்டுகிறது.

அடிப்படைக் கருத்து

ஒரு வீட்டுச் சாதனத்துக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, கடையில் ஒரே தடவை கொடுக்கும் விலை. மற்றொன்று, அது உழைக்கும் காலம் முழுவதும் மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றுக்காகச் சிறிது சிறிதாகக் கொடுக்கும் விலை. ஆற்றல் திறன் மிக்க சாதனங்களில் முதல் விலை கூடுதலாகவும் இரண்டாவது விலை குறைவாகவும் இருப்பது வழக்கம். கூடுதலாகக் கொடுத்த பணம் மாதாந்திரச் சேமிப்பின் வழியே திரும்பி வந்து சேர எடுக்கும் காலம் 'மீட்புக் காலம்' எனப்படும்.

பெரிய வீட்டுச் சாதனங்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உழைக்கின்றன. ஆகவே நான்கு ஆண்டு மீட்புக் காலம் கொண்ட சாதனம் நல்ல முதலீடாகத் தெரியும். ஆனால் வாங்குபவர் இரண்டு ஆண்டுகளில் வீட்டை விட்டுப் போகிறார் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. அவருக்குச் சாதனத்தின் ஆயுட்காலத்தைவிட, அச்சாதனத்துடன் அவர் இருக்கப்போகும் காலமே முக்கியம்.

இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது: வீடு மாறும்போது சாதனம் ஆளோடு போகுமா, வீட்டோடு தங்குமா? இரண்டாவது: வீட்டோடு தங்குமானால், அதற்காகச் செலவிட்ட பணம் வீட்டின் விற்பனை விலையில் திரும்பக் கிடைக்குமா? இவ்விரு கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தே வீடு மாறும் எதிர்பார்ப்பு ஒருவரின் தேர்வை எவ்வளவு பாதிக்கும் என்பது அமைகிறது. ஆளோடு போகும் பொருளாக இருந்தால் வீடு மாறுவதால் சேமிப்பு நின்றுபோவதில்லை. வீட்டோடு தங்கினாலும், விலையில் முழுவதும் திரும்பக் கிடைக்குமானால் இழப்பு இல்லை. வீட்டோடு தங்கி, விலையிலும் சேராத பொருளில்தான் சிக்கல் உருவாகிறது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. இரண்டு ஏ.சி.க்கள் ஒரே அளவு குளிரைத் தருகின்றன. இரண்டாவது, முதலாவதைவிட 9,000 ரூபாய் விலை கூடியது. ஆண்டுக்கு 300 யூனிட் மின்சாரம் மிச்சப்படுத்துகிறது. ஒரு யூனிட் 7 ரூபாய் என்றால் ஆண்டுச் சேமிப்பு 2,100 ரூபாய். மீட்புக் காலம் ஏறத்தாழ 4 ஆண்டு 3 மாதம்.

அதே வீட்டில் 10 ஆண்டுகள் இருப்பவருக்கு மொத்தச் சேமிப்பு 21,000 ரூபாய். கூடுதல் விலையான 9,000 போக 12,000 ரூபாய் மிச்சம். இரண்டே ஆண்டுகளில் வீட்டை விற்று, ஏ.சி.யையும் விட்டுச் செல்பவருக்குச் சேமிப்பு 4,200 ரூபாய் மட்டுமே. 4,800 ரூபாய் கைநட்டம். ஆகவே அவர் விலை குறைந்ததை வாங்குவது அவரளவில் சரியான முடிவே.

ஆனால் வீட்டை வாங்கி வருபவரின் பக்கமிருந்து பார்த்தால் படம் வேறு. திறன் மிக்க ஏ.சி. இருந்தால், மீதமுள்ள 8 ஆண்டுகளில் அவருக்கு 16,800 ரூபாய் மிச்சமாகும். வீட்டு விலையில் 4,800 ரூபாய்க்கு மேலும் 16,800 ரூபாய்க்குக் குறைவாகவும் ஒரு தொகையை அவர் கூடுதலாகத் தர முன்வந்தால் இருவருக்குமே இலாபம். அப்படி ஒரு பேரம் பெரும்பாலும் நடப்பதில்லை. இலட்சக்கணக்கில் பேசப்படும் வீட்டு விலையில் சில ஆயிரங்கள் காணாமல் போய்விடுகின்றன. சுவரில் மாட்டியிருக்கும் ஏ.சி. எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

எடுத்துச் செல்பவரின் கணக்கு இதனினும் வேறு. ஏ.சி.யைக் கழற்றி, வண்டியேற்றி, புது இடத்தில் செம்புக் குழாய் போட்டு, தேவையானால் வாயு நிரப்பி மாட்டுவதற்கு ஆகும் செலவு, விலை குறைந்த ஏ.சி.க்கும் கூடியதற்கும் ஏறத்தாழ ஒன்றே. எனவே எந்த ரகத்தை வாங்குவது என்பதை அச்செலவு தீர்மானிப்பதில்லை. எடுத்துச் செல்வதா, விட்டுவிடுவதா என்பதையே தீர்மானிக்கிறது. எடுத்துச் செல்வது உறுதியென்றால், இரண்டு ஆண்டுகளில் வீடு மாறுபவருக்கும் திறன் மிக்க ஏ.சி.யே இலாபம்.

ஆளோடு போவதும் வீட்டோடு தங்குவதும்

வீட்டுச் சாதனங்களை இந்த நோக்கில் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, செருகியைப் பிடுங்கினால் கிளம்பிவிடுபவை: மிக்சி, கிரைண்டர், மின்விசிறியில் மேசை விசிறி, தொலைக்காட்சி, தனித்து நிற்கும் குளிர்சாதனப் பெட்டி. இவற்றை வாங்கும்போது வீடு மாறும் எதிர்பார்ப்பு தரத்தைப் பெரிதும் பாதிப்பதில்லை. அளவையும் எடையையும் பாதிக்கலாம்.

இரண்டாம் வகை, கழற்றலாம், ஆனால் செலவும் சேதமும் உண்டு என்பவை: பிளவு ஏ.சி., சுவரில் பொருத்திய வாட்டர் ஹீட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான், சமையலறைப் புகைபோக்கி, மின்கலத்துடன் கூடிய இன்வெர்ட்டர். வீட்டை விற்கும்போது பேச்சுவார்த்தையில் அடிபடுபவை இவையே.

மூன்றாம் வகை, வீட்டின் உடலோடு சேர்ந்துவிட்டவை: சமையலறை அலமாரிக்குள் அளவெடுத்துப் பதித்த அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும், மையக் குளிரூட்டும் அமைப்பு, கூரையில் பொருத்திய சூரிய வெந்நீர்க் கலன். வீடு மாறும் எதிர்பார்ப்பு இவற்றையே மிக அதிகமாகப் பாதிக்கிறது. விரைவில் கிளம்புபவர் இவற்றைப் புதிதாகப் போடுவதே இல்லை. போட்டாலும், வீட்டை விற்பதற்கு எவ்வளவு தேவையோ அந்த அளவிலேயே போடுகிறார்.

எடுத்துச் செல்லும்போது ஏற்படும் ஆபத்தும் கணக்கில் வருகிறது. குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டு செல்ல வேண்டும். படுக்கவைத்தால் அமுக்கியில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடக்கூடும். முன்புறம் கதவுள்ள சலவை இயந்திரத்தின் உருளையை அசையாமல் பிடிப்பதற்கு, வாங்கும்போது உடன்வரும் போக்குவரத்து போல்ட்டுகளை மீண்டும் பூட்ட வேண்டும். அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டவர்கள் வீடு மாறும்போது சிரமப்படுகிறார்கள். இயந்திரத்தை வாங்கிப் பொருத்தும் நாளிலேயே அவற்றை எடுத்து வைப்பது, வீடு மாற நினைப்பவர்களுக்கு உதவும் சிறிய முன்யோசனை.

நாடு விட்டு நாடு செல்வோருக்கு எடுத்துச் செல்லும் வழியே பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு. அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரணச் செருகுவாய்களில் 120 வோல்ட், 60 ஹெர்ட்சு. எனவே அந்நாடுகளுக்குக் குடிபெயரக் காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான சாதனங்கள் 'வீட்டோடு தங்கும்' வகையாகவே ஆகிவிடுகின்றன.

வாங்குவதைத் தள்ளிப்போடுதல்

வீடு மாறும் எதிர்பார்ப்பின் முதல் விளைவு பெரும்பாலும் காத்திருப்பதுதான். புது வீட்டின் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்கு எவ்வளவு இடம் இருக்கும், சலவை இயந்திரத்துக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கும், ஏ.சி. முன்பே மாட்டப்பட்டிருக்குமா என்பதெல்லாம் தெரியாத நிலையில், இப்போது வாங்குவது பின்னால் பொருந்தாமல் போகலாம். காத்திருந்தால் இந்தத் தகவல் கிடைக்கும். காத்திருப்புக்கே ஒரு மதிப்பு உண்டு என்பதை, திரும்பப் பெற முடியாத முதலீடுகளைப் பற்றிய பொருளியல் கோட்பாடு விளக்குகிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் கெவின் ஆசெட், கில்பர்ட் மெட்காஃப் ஆகியோர் 1993இல் இக்கருத்தை வீட்டு ஆற்றல் சேமிப்பு முதலீடுகளுக்குப் பொருத்திக் காட்டினர். எதிர்காலம் உறுதியில்லாதபோது மக்கள் தயங்குவதை அறியாமை என்று மட்டும் கொள்ள முடியாது என்பது இவ்வாதத்தின் சாரம்.

காத்திருப்பின் மறுபக்கம் பழுதுபார்ப்பு. பழைய குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கி கெட்டுப்போனால், நீண்ட நாள் இருப்பவர் புதிதாக வாங்குவார். கிளம்ப இருப்பவர் பழுதுபார்த்து ஓட்டுவார். அந்தப் பழைய பெட்டி இழுக்கும் கூடுதல் மின்சாரம் சில மாதங்களுக்குத்தானே என்பது அவருடைய எண்ணம். வீடு மாறுவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால் அந்தச் சில மாதங்கள் பல ஆண்டுகளாக நீளும்.

இதற்கு நேர்மாறாக, வீடு மாறி முடித்த உடனே வாங்குதல் பெருகுகிறது. இதனால் வீட்டு விற்பனையும் சாதன விற்பனையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அமெரிக்காவில் 30 ஆண்டு நிலையான வட்டி வீட்டுக்கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 3 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது; 2022 அக்டோபரில் 7 விழுக்காட்டைத் தாண்டியது. குறைந்த வட்டிக் கடனை விட்டுவிட மனமில்லாமல் பலர் வீடு மாறும் எண்ணத்தையே கைவிட்டனர். 2023இல் அங்கு ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளின் விற்பனை 1995க்குப் பிறகு மிகக் குறைந்த அளவான ஏறத்தாழ 41 இலட்சமாகச் சரிந்தது. இப்படிப்பட்ட காலத்தில், புதுவீட்டுக்காக வாங்கும் சாதனங்கள் குறைகின்றன. இருக்கும் வீட்டிலேயே நீண்டகாலம் தங்கப் போகிறோம் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு, பழையதை மாற்றி நல்லதாக வாங்கும் காரணம் வலுப்பெறுகிறது.

விற்பனைக்காக வாங்குதல்

கிளம்ப இருப்பவர்கள் எல்லாரும் வாங்காமல் இருப்பதில்லை. வீட்டைப் பார்க்க வருபவர்களைக் கவர்வதற்காகவே சிலர் புதுச் சாதனங்கள் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை ஒரே நிறத்தில், ஒரே வரிசையாக, பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு முகப்புடன் அமைப்பது வீட்டு விற்பனையில் பழகிப்போன உத்தி.

இங்கே ஒரு முரண் உள்ளது. வீட்டைப் பார்க்க வருபவர் சமையலறையில் சில நிமிடங்களே நிற்கிறார். அவர் கண்ணுக்குப் படுவது பளபளப்பு, புதுமை, நிறம். கண்ணுக்குப் படாதது மின்செலவு, தண்ணீர்ச் செலவு, உள்ளிருக்கும் மோட்டாரின் தரம். ஆகவே விற்பவருக்கு, தெரியும் தரத்தில் செலவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. தெரியாத தரத்தில் செலவிடுவதற்குக் காரணம் இல்லை. நேர்மையானவரும் இந்தச் சூழலில் இதே முடிவுக்கே தள்ளப்படுகிறார்.

பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கிய தகவல் சமமின்மைச் சிக்கலும் இதே தன்மையுடையது. வாங்குபவரால் தரத்தைப் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல பொருளுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. அதனால் நல்ல பொருள் சந்தைக்கு வருவதே குறைகிறது. தகவல் சமமின்மை பற்றிய பணிக்காக அவர் 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

ஆய்வுகள்

அமெரிக்கப் பொருளியலாளர் ஜெரி ஆசுமன் 1979இல் அறை ஏ.சி. வாங்கியோரின் தேர்வுகளை ஆராய்ந்தார். எதிர்காலச் சேமிப்பை அவர்கள் ஆண்டுக்குச் சுமார் 20 விழுக்காடு என்ற உயர்ந்த வீதத்தில் தள்ளுபடி செய்வதுபோல் நடந்துகொண்டனர் என்று அவர் கண்டார். வருமானம் குறையக் குறைய இந்த வீதம் கூடியது. நாளை வரும் நூறு ரூபாயை இன்று எவ்வளவு குறைத்து மதிக்கிறோம் என்பதே இந்த வீதத்தின் பொருள். ஆடம் ஜாஃபி, இராபர்ட் சுடாவின்சு ஆகியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரை, 'ஆற்றல் திறன் இடைவெளி' என்று அழைக்கப்படும் இந்நிகழ்வின் காரணங்களை வகைப்படுத்தியது.

இவ்விடைவெளிக்கான காரணங்களுள் நன்கு அறியப்பட்டது வீட்டுக்காரர் – குடித்தனக்காரர் சிக்கல். சாதனத்தை வாங்குபவர் வீட்டுக்காரர்; மின்கட்டணம் கட்டுபவர் குடித்தனக்காரர். அமெரிக்க அரசின் வீட்டு எரிசக்திக் கணக்கெடுப்பைப் பயன்படுத்தி லூகாசு டேவிசு செய்த ஆய்வு, வருமானம் முதலிய வேறுபாடுகளைக் கழித்த பிறகும், வாடகை வீடுகளில் ஆற்றல் திறன் மிக்க குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவை இருக்கும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைவு என்று காட்டியது.

கிளம்ப இருக்கும் வீட்டு உரிமையாளரின் நிலை இதன் மறுவடிவம். இன்று வாங்குபவரும் நாளை கட்டணம் கட்டுபவரும் வேறு வேறு ஆட்கள். வாடகை வீட்டில் இருவரும் ஒரே காலத்தில் இருக்கிறார்கள். விற்கும் வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். சாதனம் வாங்கும் நாளில் அடுத்த குடும்பம் யார் என்றே தெரியாது. ஆகவே அவர்கள் சார்பில் கேட்க அப்போது யாரும் இல்லை.

சட்டம் சொல்வது

எந்தப் பொருள் வீட்டோடு சேர்ந்தது என்பது சட்டத்திலும் பழைய கேள்வி. இங்கிலாந்துச் சட்ட மரபில், பொருள் எவ்வளவு உறுதியாக இணைக்கப்பட்டுள்ளது, எந்த நோக்கத்துக்காக இணைக்கப்பட்டது என்ற இரண்டும் பார்க்கப்படுகின்றன. 1996இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு தொடர்பான வழக்கில், சமையலறை அலமாரிகளும் குளியலறைப் பொருத்துகளும் வீட்டின் பகுதி என்றும், குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்ற சமையலறைச் சாதனங்கள் வீட்டின் பகுதியல்ல என்றும் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் வீடு விற்பவர், எவற்றை விட்டுச் செல்கிறார், எவற்றை எடுத்துச் செல்கிறார் என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தரும் படிவம் நடைமுறையில் உள்ளது.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வீடு கைமாறும்போது பூட்டு, சாவி, கம்பி, கதவு, சன்னல் ஆகியவற்றோடு, வீட்டின் நிரந்தரப் பயன்பாட்டுக்காக அமைக்கப்பட்ட மற்றப் பொருட்களும் சேர்ந்தே மாறும் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தமே செல்லும். ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டரும் இதில் அடங்குமா என்பது வாதத்துக்கு இடம் தருவது. அதனால் விற்பனை ஒப்பந்தத்திலேயே சாதனங்களின் பட்டியலை எழுதிக்கொள்வது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கிறது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

ஒரே சாதனம் ஒரு நாட்டில் ஆளோடு போகும். மற்றொரு நாட்டில் வீட்டோடு தங்கும். அமெரிக்காவில் அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் பொதுவாக வீட்டோடு தங்குகின்றன. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் வட்டார வழக்கத்தையும் பேரத்தையும் பொறுத்தவை. செருமனியில் வாடகை வீடுகள் பல, சமையலறை அலமாரியும் அடுப்பும் இல்லாமலே விடப்படுகின்றன. குடிவருபவர் சொந்தமாக வாங்கிப் போட்டு, போகும்போது எடுத்துச் செல்கிறார் அல்லது அடுத்து வருபவரிடம் விற்கிறார்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்றாவது ஒரு வழி பரவலாக உள்ளது. தொராண்டோவைச் சுற்றித் தமிழர்கள் பெருமளவில் வாழும் பகுதிகளிலும் இது வழக்கம். வீட்டு உரிமையாளர்கள் வாட்டர் ஹீட்டரைச் சொந்தமாக வாங்காமல் மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். வீட்டை விற்கும்போது அவ்வாடகை ஒப்பந்தத்தை வாங்குபவர் ஏற்றுக்கொள்வது வழக்கம். முதலில் பெருந்தொகை போட வேண்டாம் என்பதால், எத்தனை ஆண்டு இருப்போம் என்று தெரியாதவருக்கு இது வசதி. ஆனால் நீண்டகாலம் இருப்பவர், சொந்தமாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் கட்ட நேரலாம். சாதன வாடகை நிறுவனங்கள் வீட்டுப் பத்திரத்தின் மேலேயே பதிவுசெய்த உரிமைக் குறிப்புகளால், விற்கும் நேரத்தில் பலர் பெருந்தொகை கட்ட நேர்ந்தது. 2024இல் அம்மாகாணம் நுகர்வோர் பொருட்களுக்கு இப்படிப் பதிவு செய்வதைத் தடை செய்தது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாறும்போது சாதனங்களைக் கையோடு கொண்டுபோகின்றன. குளிர்சாதனப் பெட்டியை வீட்டோடு விட்டுப் போவது அரிது. இந்த வழக்கம் ஆற்றல் திறன் மிக்க சாதனம் வாங்குவதற்கு ஒரு விதத்தில் துணை செய்கிறது. பணம் போட்டவரே பலனையும் தொடர்ந்து அனுபவிக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அளவெடுத்துச் செய்த சமையலறை, புகைபோக்கி, அறைக்கு அறை ஏ.சி. என்று பெருகும்போது, வீட்டோடு தங்கும் பொருட்களின் பங்கு கூடுகிறது; அதனுடன் மேலே கண்ட சிக்கலும் இங்கு வந்து சேர்கிறது.

தகவலும் கொள்கையும்

மறைந்திருக்கும் மின்செலவைக் கண்ணுக்குத் தெரியச் செய்வது முதல் தீர்வு. அமெரிக்காவில் 1980 முதல் மஞ்சள் நிற எரிசக்திச் சீட்டு சாதனங்களில் ஒட்டப்படுகிறது. 1992இல் 'எனர்ஜி ஸ்டார்' முத்திரை அறிமுகமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சு முதல் தன் எரிசக்திச் சீட்டை ஏ முதல் ஜி வரையான புதிய அளவுகோலுக்கு மாற்றியது. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் பணியகம், 2006இல் நட்சத்திரக் குறியீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அறை ஏ.சி.க்கும் உறைபனி படியாத குளிர்சாதனப் பெட்டிக்கும் 2010 முதல் இது கட்டாயம்.

எனினும் இச்சீட்டுகள் கடையில் வாங்குபவரை நோக்கியவை. வீடு வாங்குபவர் பார்க்கும்போது சீட்டு கிழிந்தோ மங்கியோ போயிருக்கலாம். நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஏ.சி.யில் உள்ள ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரத்துக்குச் சமமன்று. வீடு முழுவதற்குமான சான்றிதழ் விலையில் பிரதிபலிக்கும் என்பதற்குச் சான்று உண்டு: டிர்க் பிரௌனன், நில்சு கோக் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெதர்லாந்தில் நல்ல எரிசக்தித் தரச் சான்று பெற்ற வீடுகள் கூடுதல் விலைக்கு விற்றன. ஆனால் பிரித்தானியாவின் வீட்டு எரிசக்திச் சான்றிதழ் வெப்பமூட்டல், வெந்நீர், சுவர்க் காப்பு, நிலையான விளக்குகள் ஆகியவற்றையே கணக்கில் கொள்கிறது. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் அதில் சேர்வதில்லை.

இரண்டாவது தீர்வு, கடனை ஆளோடு கட்டாமல் வீட்டோடு கட்டுவது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2008இல் இதைத் தொடங்கியது. வீட்டு ஆற்றல் மேம்பாட்டுக்கான பணத்தை உரிமையாளர் சொத்துவரியோடு சேர்த்துப் பல ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துகிறார். வீட்டை விற்றால் மீதிக் கடன் அடுத்த உரிமையாளருக்கு மாறலாம். பலன் யாருக்கோ கடனும் அவருக்கே என்பது இதன் தருக்கம். வீட்டுக்கடனுக்கு முந்திய உரிமை இதற்குக் கிடைப்பதால், 2010இல் அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுநிதி ஒழுங்குமுறை அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. பிரித்தானியா 2013இல் தொடங்கிய 'கிரீன் டீல்' திட்டம் கடனை மின்கட்டணத்தோடு இணைத்தது. போதிய வரவேற்பு இல்லாததால் 2015இல் அரசு அதற்கான நிதியை நிறுத்தியது. கடன் சுமந்த வீட்டை வாங்க மக்கள் தயங்குவது இவ்வகைத் திட்டங்களின் பொதுவான இடர்ப்பாடு.

மூன்றாவது தீர்வு குறைந்தபட்சத் தரம். மிக மோசமான வகைகளை விற்பனைக்கே வரவிடாமல் தடுத்துவிட்டால், நாளையே கிளம்புபவர் வாங்கும் மலிவான சாதனமும் ஓரளவு நல்லதாகவே இருக்கும். அடுத்து வரும் குடும்பத்துக்கு இது பாதுகாப்பு. ஆனால் கையில் பணம் குறைந்தவர்களுக்குத் தொடக்க விலை கூடிவிடும் என்ற மறுப்பும் உண்டு.

வரம்புகளும் மறுப்புகளும்

வீடு மாறும் எதிர்பார்ப்பின் விளைவைத் தனியாகப் பிரித்து அளப்பது கடினம். அடிக்கடி வீடு மாறுபவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். அவர்களின் சேமிப்பும் குறைவு. அவர்கள் மலிவானதை வாங்குவது கிளம்பப் போவதாலா, கையில் பணம் இல்லாததாலா என்று சொல்வது எளிதன்று. பலர் மின்செலவைக் கணக்கிடுவதே இல்லை என்பதால், எல்லாத் தேர்வையும் நுட்பமான கணக்கின் விளைவாகக் கருதுவதும் பொருந்தாது.

எதிர்பார்ப்பு பொய்ப்பதும் உண்டு. இரண்டு ஆண்டில் இடமாற்றம் வரும், மகனோடு போய்த் தங்கிவிடலாம், வீட்டுக்கு நல்ல விலை வந்ததும் விற்றுவிடலாம் என்று நினைத்தவர்கள் பத்தாண்டுக்குப் பிறகும் அதே வீட்டில் இருப்பது உலகெங்கும் காணப்படுவது. 'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று வாங்கிய மலிவான சாதனத்தோடு அவர்கள் பல ஆண்டுகள் கழிக்கிறார்கள்; மேலே உள்ள எடுத்துக்காட்டின்படி, 10 ஆண்டுகளில் இத்தவற்றின் விலை 12,000 ரூபாய். மறுபுறம், நெடுங்காலம் இருப்போம் என்று நம்பி நல்லதை வாங்கி இரண்டே ஆண்டில் கிளம்ப நேர்ந்தவரின் இழப்பு 4,800 ரூபாய். இரு தவறுகளும் சம அளவுடையவை அல்ல. எனவே கிளம்புவது உறுதியாகத் தெரியாதவர்களுக்கு, எடுத்துச் செல்லக்கூடிய திறன் மிக்க சாதனமே இழப்பு மிகக் குறைந்த தேர்வாக அமைகிறது. விட்டுச் செல்ல நேரும் சாதனங்களின் வாங்கிய இரசீதையும் சில மாத மின்கட்டண அட்டையையும் வீடு வாங்குபவரிடம் காட்டுவது, மறைந்திருக்கும் தரத்துக்கு ஓரளவேனும் விலை கிடைக்க வழி செய்கிறது.